பூகிஸ், இரவு பதினொன்று ஐந்து

குணாளனின் அறையை வாடகைக்கு விட்டிருந்தார்கள்.
மியன்மார் தாதி ஒருத்தி, மாதம் எண்ணூறு வெள்ளி,
பெயர் தின்சா.
போனில் யாரும் சொல்லவில்லை.
பெட்டிகளைத் தொலைக்காட்சிக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு
தண்ணீர் குடிக்கும்போதுதான் அத்தை சொன்னார்:
"சும்மாதானே கிடந்துச்சு."

சோபா ஒரு ஆள் நீளம்.
என் வீட்டிலோ
அக்கா இரட்டைப் பிள்ளைகளோடு வந்திருக்கிறாள்,
வீவக சாவிக்கு மூன்று வருடமாகக் காத்திருக்கிறாள்.
அம்மாவின் கட்டிலில் பாதி எனக்கு.
மாப்பிள்ளையை எங்கே படுக்க வைப்பது என்று
அப்பா கூடத்தை இரண்டு முறை கண்ணால் அளந்துவிட்டு
விளக்கை அணைத்தார்.

ஆக, அவன் புக்கிட் பாஞ்சாங்கில்,
நான் பாசிர் ரிஸில்.
எட்மண்டனில் பதினொரு குளிர்காலம்
ஒரே போர்வைக்கு இழுபறி செய்தவர்கள்
விடுமுறைக்கு ஊருக்கு வந்து
தீவின் இரண்டு முனைகளில் தூங்கினோம்.

பகலெல்லாம் விருந்து.
எப்ப வந்தீங்க, எப்பக் கிளம்புறீங்க,
எல்லா வீட்டிலும் இதே இரண்டு கேள்வி,
நடுவில் ஒரு வடை.
நுழைவாயிலில் என் பழைய அட்டை சிவப்பாகக் கத்தியது.
காலாவதி. உள்ளே நான்கு வெள்ளி பதினைந்து காசு
என் பெயரில் இருந்ததாம்.
எண்ணிக் கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் இரவு ஒரு குறுஞ்செய்தி:
பூகிஸ் வர்றியா?

"கடைக்குப் போய்ட்டு வர்றேன்மா."
முப்பத்தொன்பது வயதில் அதே பொய்,
செருப்பு மாட்டுவதில் அதே அவசரம்.
அம்மா தலை நிமிரவில்லை.
"தாலி கட்டினவனத்தானே பார்க்கப் போற,
குடை எடுத்துட்டுப் போ."

கோப்பிக் கடையில் அவன்
"கோப்பி ஓ கொசோங்" என்றான், சுத்தமாக.
கடைக்காரர் எங்கள் தடித்த காலணிகளைப் பார்த்துவிட்டு
ஆங்கிலத்தில் விலை சொன்னார்,
சுற்றுப்பயணிகளுக்குச் சொல்வதுபோல் மெதுவாக.
சிரித்தோம். கொஞ்சம் பிறகு சிரிக்கவில்லை.

அங்கே எங்கள் பேச்சு
கொதிகலன், கடன் தவணை,
வாசலில் பனி அள்ளுவது யார் முறை என்பது.
இங்கே அவன் தின்சாவைப் பற்றிச் சொன்னான்.
உப்பு எங்கே என்று அவளிடம்தான் கேட்டானாம்.
நல்லவதான் என்றான்.
காயா ரொட்டி வந்தது.
நல்லவதான் என்றான் மறுபடி.

பிறகு,
"அப்பா சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டிருந்தார்.
நான் பார்த்துக்கிட்டே நிக்கிறேன்.
சொன்னா கோவப்படுவாரோன்னு.
அவ வேலைக்குப் போற அவசரத்துல நின்னு
மேலேயிருந்து ஒண்ணொண்ணா அவிழ்த்துப் போட்டுவிட்டா.
அப்பா குழந்தை மாதிரி
நாடியைத் தூக்கிக் காட்டினார்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
ரொட்டியில் பெரிய பாதியை அவன் பக்கம் தள்ளினேன்.
வெளியே மழை
டிசம்பருக்கே உரிய பிடிவாதத்தோடு.
மேசைக்கு அடியில்
அவன் முழங்கால் என் முழங்காலைத் தேடி வந்தது,
திருமணத்துக்கு முன் வந்ததுபோல் அல்ல,
களைத்துப்போய், உட்கார இடம் கேட்டு.

பதினொன்று ஐந்துக்கு
அவன் இரண்டு தளம் கீழே இறங்க வேண்டும்,
என் மேடை வேறு.
மின்படியில் பாதி போனவன்
திரும்பி, படியின் ஓட்டத்துக்கு எதிராக
நின்ற இடத்திலேயே நடந்தபடி கேட்டான்:
"நாளைக்கு வருவியா?"

ஒரே வீட்டில் இருக்கிறவளிடம்
இதை யாரும் கேட்பதில்லை.
வரமாட்டேன் என்று சொல்லிப் பார்க்க
ஒரு நிமிடம் ஆசையாக இருந்தது.

ரயில் காலாங் தாண்டியபோதுதான் தெரிந்தது,
குடையைக் கோப்பிக் கடையில் விட்டிருக்கிறேன்.
அம்மாவின் குடை, பூப்போட்டது,
வங்கியில் இலவசமாகக் கொடுத்தது.
தானா மேராவுக்குள்
வேறொரு பொய் யோசிக்க வேண்டும்.